தாத்தாவின் மெடலில் யாருடைய பெயர் இருக்கிறது?

(எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து எழுதி, படிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் திருத்தியது.)

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க ஆதார் கார்டுல இருக்கிற பெயரும் பான் கார்டுல இருக்கிற பெயரும் ஒண்ணா இருக்கா? இனிஷியல் முன்னாடி வருதா, பின்னாடி வருதா? பாஸ்போர்ட்ல அப்பா பேரு உங்க குடும்பப் பெயரா மாறியிருக்கா? நம்மில் பாதிப் பேர் இதுக்காக ஒரு நாளாவது இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றிருப்போம். ஒரு எழுத்து மாறினதுக்கு அஃபிடவிட், நோட்டரி, திரும்ப ஒரு டோக்கன்.

இப்போ அதே எழுத்துப்பிழை ஒரு ராணுவ வீரரின் பதிவேட்டில், ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்திருந்தால்? அவர் போன போர் அவர் பேரில் ஏறாமலே போயிருந்தால்? எண்பது வயசில் அவர் அதைத் திருத்தச் சொல்லி மனு போட்டால், எந்தக் கதவைத் தட்டணும்? யார் சாட்சி சொல்வார்கள்? இன்றைய எபிசோட் இதைப் பற்றித்தான். தேனி மாவட்டம் குச்சனூரிலிருந்து தொடங்குவோம்.

குச்சனூரில் ஓடும் தண்ணீர்

குச்சனூர் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது சுயம்பு சனீஸ்வரர் கோயில். ஆடி மாசம் சனிக்கிழமைகளில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க பஸ் ஏறி அங்கே வரும். சுரபி நதியில் குளித்துவிட்டு, காக்கை வாகனம் வாங்கி வைத்துவிட்டு, "தடையெல்லாம் விலகட்டும்" என்று வேண்டிக்கொண்டு போவார்கள். சுற்றிலும் பச்சை வயல். அந்த வயலுக்குப் பாயும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிற்கிறது.

அணையைக் கட்டியது யார் என்று அங்கே எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: பென்னிகுக். வீட்டில் அவர் படம், கடையில் அவர் படம், பொங்கல் அவர் பேரில். லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரியில் மணிமண்டபமே திறந்தார்கள். தகுதியான மரியாதைதான், சந்தேகமில்லை.

ஆனால் 1887-லிருந்து 1895 வரை அந்தக் காட்டில் கல் உடைத்து, சுண்ணாம்பு கலந்து, மலேரியாவில் படுத்து எழுந்தவர்களில் ஒரு பகுதியினர் சிப்பாய்கள். மெட்ராஸ் பயனியர்ஸ் படையின் 1-வது, 4-வது பட்டாலியன்கள் அணை வேலையில் இருந்தன. பயனியர் என்றால் துப்பாக்கியும் தூக்கணும், மண்வெட்டியும் பிடிக்கணும். ரோடு போடுவது, பாலம் கட்டுவது, தேவைப்பட்டால் சண்டைக்குப் போவது, மூன்றும் அவர்கள் வேலை.

அந்த இரண்டு பட்டாலியன் சிப்பாய்களில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. அணை கட்டியதற்குப் போர்ப் பதக்கம் கொடுக்கிற வழக்கமும் கிடையாது. அதனால் மெடலின் விளிம்பிலும் அவர்கள் பெயர் ஏறவில்லை. நம்ம கதை இந்த வெற்றிடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு மெடல் எப்படி உருவாகிறது?

1903-ல் படைகளுக்கெல்லாம் புது எண் கொடுத்தபோது, அந்த 1-வது பட்டாலியன் 61-வது பயனியர்ஸ் ஆனது. 1914 நவம்பரில் அதைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு, இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்துக்குக் கப்பலில் அனுப்பினார்கள். எதிரே ஜெர்மன் படை. முதல் நாள் தாக்குதலிலேயே இந்தப் பட்டாலியன் இருந்தது. டாங்கா பிரிட்டிஷ் தரப்புக்குப் பெரிய தோல்வி. அது தனி எபிசோட். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், மெட்ராஸ் சாப்பர்ஸ் இருந்தார்கள். முதல் உலகப் போருக்கு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து மட்டும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் படைவீரர்களாகச் சேர்ந்தார்கள்.

போர் முடிந்ததும் மெடல். இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீங்க. ஒன்று வீரதீரப் பதக்கம். ஒருவர் செய்த குறிப்பிட்ட ஒரு செயலுக்காகக் கொடுப்பது. இன்னொன்று சர்வீஸ் மெடல். "நீ இந்தப் போரில், இந்தக் களத்தில், இந்தத் தேதியில் இருந்தாய்" என்பதற்கான அத்தாட்சி. அதில் பெரிய வீரக்கதை எதுவும் இருக்க வேண்டாம். அங்கே இருந்தால் போதும்.

அங்கே இருந்தாரா என்பதை யார் முடிவு செய்வது? ஒரு கிளார்க். பட்டாலியன் அலுவலகத்தில் ரோல் என்கிற நீளமான பட்டியல் தயாராகும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மெடலின் விளிம்பில் எழுத்து பொறிப்பார்கள். பட்டியலில் இல்லாதவருக்கு மெடல் இல்லை. பெயர் தப்பாக இருந்தால் மெடலும் தப்பு.

நம்ம ஊர்ப் பெயர்களை யோசிச்சுப் பாருங்க. ஒரு உதாரணத்துக்குக் கருப்பையா என்று ஒருவர். கருப்பையா, கருப்பையன், கருப்பன் — ஆங்கிலத்தில் எழுதும் கிளார்க்குக்கு மூன்றும் காதில் ஒரே மாதிரி விழும். ஒரு ‘ஒய்’ கூடும், ஒரு ‘ஹெச்’ குறையும். குடும்பப் பெயர் கிடையாது. அதே கம்பெனியில் இன்னும் நாலு கருப்பையா இருப்பார்கள். முகவரியோ மதுரை மாவட்டம், பெரியகுளம் தாலுகா. ஏனென்றால் தேனி மாவட்டமே 1996-ல்தான் பிறந்தது. இன்றைக்குக் குச்சனூரிலிருந்து ஒரு பேரன் "தேனி மாவட்டம்" என்று தேடினால் அந்தத் தாத்தா எந்தக் காலத்திலும் கிடைக்க மாட்டார்.

இன்னொரு விஷயமும் அந்த மெடலில் இருக்கிறது. முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில் செய்தது. ஆனால் சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளில் இருந்தவர்களுக்கு அதே மெடலை வெண்கலத்தில் அடித்துக் கொடுத்தார்கள். சுமார் 1,10,000 மெடல்கள் அப்படி. ஒரே போர், ஒரே மன்னர் தலை, ஆனால் உலோகம் வேறு. பட்டியலில் உங்களை எந்தத் தலைப்பின் கீழ் எழுதினார்கள் என்பது உங்கள் நெஞ்சில் தொங்குவது வெள்ளியா வெண்கலமா என்று தீர்மானித்தது.

படை கலைந்தால்?

சரி, தப்பு நடந்துவிட்டது. திருத்தணும் என்றால் எங்கே போவது? உங்கள் படைப்பிரிவின் அலுவலகத்துக்கு. அந்தப் படைப்பிரிவே இல்லையென்றால்?

மெட்ராஸ் பயனியர்ஸுக்கு அதுதான் நடந்தது. 1933-ல் பயனியர் படைகளைக் கலைத்துவிட்டார்கள். அதற்குச் சில வருஷம் முன்பே பழைய மெட்ராஸ் காலாட்படை பட்டாலியன்களையும் ஒவ்வொன்றாக மூடியிருந்தார்கள். ‘தென்னிந்தியர்கள் போர்க்குணம் இல்லாதவர்கள்’ என்ற அன்றைய ஆங்கிலேய ராணுவக் கோட்பாடு அதன் பின்னால் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்டைத் திரும்ப எழுப்பினார்கள். இடைப்பட்ட வருஷங்களில் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒரு சிப்பாய்க்குத் தன்னுடைய பழைய படை எங்கே, தன் காகிதம் எந்த அலமாரியில் என்று கேட்கக்கூட நேரான ஒரு வாசல் இல்லாமல் போனது.

இறந்தவர்கள் நிலை இன்னும் மோசம். இராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம் என்று ஒன்று, 1929-ல் திறந்தது. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் வீரர்கள் எல்லோர் பெயரும் சுவரில் இருந்தது. இந்தியர்களில் அதிகாரிகள் பெயர் மட்டும் இருந்தது. சாதாரணச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை. பெயர்கள் தனியாக ஒரு புத்தகத்தில்.

இது எப்போது பேச்சானது தெரியுமா? கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து. 2019-ல் பிரிட்டிஷ் எம்.பி. டேவிட் லாமி ஒரு ஆவணப்படத்தில் ஆப்பிரிக்க வீரர்களின் பெயரில்லாக் கல்லறைகளைக் காட்டினார். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் ஒரு குழு அமைத்தது. 2021 ஏப்ரலில் அறிக்கை வந்தது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்தைச் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயர் சொல்லியோ சொல்லாமலோ முறையாக நினைவுகூரப்படவே இல்லை என்று ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பிறகு பாஸ்ராவில் விடுபட்ட இந்தியப் பெயர்களை டிஜிட்டல் வடிவில் ஏற்றினார்கள்.

கவனிங்க, புத்தகத்தில் அந்தப் பெயர்கள் முதலிலிருந்தே இருந்தன. யாரோ ஒருவர் சத்தமாகக் கேட்கிற வரைக்கும் சுவருக்கு வரவில்லை.

சாட்சி சொல்ல ஆள் இருக்கா?

காகிதமே இல்லாதவர்கள் கதை ஒன்று இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம், ஐ.என்.ஏ. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் 1943-க்குப் பிறகு அதில் சேர்ந்தார்கள். அவர்களில் பலரின் பூர்வீகம் நம்ம மதுரை, ராமநாதபுரம் பக்கம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து ஐ.என்.ஏ.வுக்குப் போனவர்களுக்காவது பழைய சர்வீஸ் நம்பர் உண்டு. தோட்டத்திலிருந்து நேராகப் போனவருக்கு அதுவும் இல்லை.

1972-ல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. 1980-ல் அதை விரிவாக்கியது. குறைந்தது ஆறு மாசம் சிறையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். சிறைப் பதிவேடு கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ், கூடவே சிறையிலிருந்த இன்னொருவரின் சாட்சிச் சான்றிதழ். ரங்கூன் சிறையில் உங்களோடு இருந்தவர் இப்போது உயிரோடு இருக்கணும், அவரை நீங்கள் கண்டுபிடிக்கணும், அவருக்கு உங்களை ஞாபகம் இருக்கணும்.

உச்ச நீதிமன்றம் இதில் முக்கியமான இரண்டு விஷயம் சொன்னது. 1993-ல் முகுந்த்லால் பண்டாரி வழக்கில், தாமதமாக விண்ணப்பித்தார் என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக்கூடாது என்றது. 2001-ல் குர்தியால் சிங் வழக்கில், கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் கேட்கக்கூடாது, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும் என்றது. அப்படியும், கிட்டத்தட்ட நாற்பது வருஷம் காத்திருந்த ஒரு முதிய ஐ.என்.ஏ. வீரர் 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்துதான் தன் ஓய்வூதியத்துக்கு உத்தரவு வாங்க முடிந்தது.

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற கதை இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் போச்சு. 1912-க்கும் 1960-க்கும் இடையில் ராணுவத்திலிருந்து வெளிவந்தவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் சாம்பல். இன்றும் அந்த வீரர்களும் அவர்கள் பிள்ளைகளும் சம்பளச் சீட்டு, மருத்துவமனைக் குறிப்பு, பழைய கடிதம் என்று சேகரித்து மனு போடுகிறார்கள். அங்கே ராணுவப் பதிவைத் திருத்துவதற்கென்றே 1946-லேயே சட்டம் போட்டுத் தனி வாரியங்கள் அமைத்தார்கள். அலமாரியை எரித்தது தீ. ஆனாலும் நிரூபிக்கும் சுமை வீரர் தலையில்தான்.

பட்டாலிக்: ஒரு போரின் காகிதம்

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். கார்கில், 1999. நல்லா ஆவணப்படுத்தப்பட்ட போர், டிவியில் பார்த்த போர். அதிலும் காகிதம் தப்பு செய்தது.

18 கிரெனேடியர்ஸ் படையின் யோகேந்திர சிங் யாதவ், டைகர் ஹில்லில் சண்டையிட்டு உடம்பெல்லாம் குண்டு வாங்கியவர். 19 வயசு. அவருக்கு பரம்வீர் சக்ரா அறிவித்தபோது ‘மறைவுக்குப் பின்’ என்று அறிவித்தார்கள். அவரோ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்! அதே பட்டாலியனில் அதே பெயரில் இன்னொரு வீரர் போரில் இறந்திருந்தார். பெயர்க் குழப்பம். நாட்டின் மிக உயர்ந்த விருதிலேயே இது நடக்கும் என்றால், சாதாரண சர்வீஸ் மெடலில் எத்தனை நடந்திருக்கும்?

இரண்டாவது விஷயம் இன்னும் ஆழமானது. கார்கிலில் பட்டாலிக் பகுதி. திருச்சிக்காரர்களுக்கு இந்தப் பெயர் நெருக்கமானது. மேஜர் மாரியப்பன் சரவணன், 1 பீகார் பட்டாலியன், 1999 மே 29 அன்று ஜுபர் உச்சியைத் தாக்கும்போது அங்கேதான் உயிர் கொடுத்தார். உடலை மீட்க ஜூலை ஆயிற்று. மறைவுக்குப் பின் வீர் சக்ரா. அந்தப் பகுதியில் சண்டையிட்ட 70-வது காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங்.

போர் முடிந்து ராணுவம் தன் அதிகாரபூர்வ அறிக்கையை எழுதியபோது, பட்டாலிக்கில் கிடைத்த வெற்றியில் தன் பங்கைக் குறைத்து எழுதிவிட்டார்கள், தன் வருடாந்திர ரகசிய அறிக்கையிலும் மேலதிகாரி பாரபட்சமாக எழுதினார் என்றார் தேவிந்தர் சிங். அவரை மகாவீர் சக்ராவுக்குப் பரிந்துரைத்திருந்ததாகவும், கடைசியில் கிடைத்தது விசிஷ்ட சேவா மெடல் என்றும் அன்றைய செய்திகள் சொல்கின்றன. முதலாவது போர்க்கள வீரத்துக்கானது. இரண்டாவது சிறந்த பணிக்கானது.

அவர் சட்டத்தின் கதவைத் தட்டினார். 2007-ல் சட்டம் இயற்றி, 2009-ல் செயல்படத் தொடங்கிய ஆயுதப்படை தீர்ப்பாயம் 2010 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. மேலதிகாரியின் மதிப்பீட்டில் பாரபட்சம் இருந்தது, அதை நீக்கணும், போர் அறிக்கையில் இருக்கும் தவறைச் சரிசெய்யணும், மேஜர் ஜெனரல் பதவிக்கு அவரை மறுபரிசீலனை செய்யணும் என்றது. ஆனால் அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கிடைக்கக்கூடியது பெயரளவிலான பதவி உயர்வுதான்.

பதினோரு வருஷம். மனு போட்டவர் ஒரு பிரிகேடியர். ஆங்கிலம் தெரியும், வழக்கறிஞர் வைக்க முடியும், போர்க்கள டைரி எங்கே இருக்கும் என்று தெரியும். இப்போ அவர் இடத்தில் சின்னமனூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற நாயக்கை வைத்துப் பாருங்க.

டிரங்குப் பெட்டியைத் திறங்க

அந்த நாயக்குக்கு என்ன நடந்திருக்கலாம் என்று ஒரு உதாரணம் சொல்றேன். 1971 போர். கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கில் பஸ்சிமி ஸ்டார். இவருடைய பட்டாலியன் ஓரிடத்தில், இவரை மட்டும் வேறொரு யூனிட்டோடு இணைத்துக் கிழக்கே அனுப்பியிருக்கிறார்கள். நம்ம ராணுவத்தில் ஒருவருக்கு நடக்கிற எதுவும், அதாவது கல்யாணம், குழந்தை, இடமாற்றம், மெடல் எல்லாமே, ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் வந்தால்தான் பதிவேட்டில் ஏறும். போன யூனிட் ‘சொந்த யூனிட் போட்டிருக்கும்’ என்று விட்டது. சொந்த யூனிட் ‘போன இடத்தில் போட்டிருப்பார்கள்’ என்று விட்டது. அவர் போருக்குப் போனது அவருக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு இப்போ என்ன வயசு? எழுபத்தைந்துக்கு மேல். இதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு இந்த எபிசோடையே எடுத்தேன். காகிதம் அலமாரியில் எத்தனை வருஷமும் கிடக்கும். சாட்சி கிடக்க மாட்டார்.

அதனால் வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால், இந்த வாரக் கடைசியில் அவருடைய டிரங்குப் பெட்டியைச் சேர்ந்து திறங்க. டிஸ்சார்ஜ் புக்கை எடுங்க. சர்வீஸ் நம்பரை எழுதி வச்சுக்கோங்க, பெயர் எத்தனை விதமாக மாறினாலும் நம்பரை வைத்துத் தேடலாம். மெடல் இருந்தால் விளிம்பைப் பாருங்க. ஆனால் ஒரு எச்சரிக்கை: நம்ம நாட்டில் சர்வீஸ் மெடல்கள் தயாராகி வராமல் பல வருஷம் தேங்கிக் கிடந்ததால், நிறைய வீரர்கள் கடையில் வாங்கிக் குத்திக்கொண்டார்கள். அதனால் பெட்டியில் மெடல் இருப்பதும் பதிவில் அது இருப்பதும் வேறு வேறு. டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

தப்பு தெரிந்தால் முதல் கதவு ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. வழி காட்ட மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. எழுத்தில் கேளுங்க, நகல் வச்சுக்கோங்க. உள்ளே கேட்டு முடித்த பிறகுதான் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் கிளை உண்டு. இறுதிப் பதில் வந்து ஆறு மாசத்துக்குள் போகணும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். முதல் உலகப் போர்த் தாத்தாவாக இருந்தால் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் மெடல் அட்டைகளில் இந்தியப் படை வீரர்களும் இருக்கிறார்கள். தேடும்போது "தேனி" என்று போடாதீங்க. "மதுரா" என்று போடுங்க, பெயரை நாலு விதமாக எழுதிப் பாருங்க.

கடைசியாக ஒன்று. அவரோடு உட்கார்ந்து போனில் ரெக்கார்ட் பண்ணுங்க. எந்த வருஷம், எந்த ஊர், கூட யார் இருந்தாங்க, கமாண்டர் பேரு என்ன. அவர் கதையாகத்தான் சொல்வார். சொல்லட்டும். அதில் வரும் ஒவ்வொரு பெயரும் நாளைக்கு ஒரு மனுவுக்குச் சாட்சி.

குச்சனூரில் சனிக்கிழமை வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு தாமதம் தீரணும் என்றுதான் வருகிறார்கள். அவர்கள் கால் நனைக்கிற தண்ணீருக்காக அணையில் உழைத்த சிப்பாய்களிடம் கேட்க இனி வழியில்லை. உங்க வீட்டுத் தாத்தாவிடம் இன்னும் கேட்கலாம்.